காமெடி குறும்படத்தின் முதல் 2 நிமிடம்: உடையிலும் லுக்கிலும் சறுக்கும் இடங்கள்

ஹீரோ காமெடியன் என்று முடிவானதும் அவனுக்குக் கட்டம் போட்ட பேண்ட், பளபளக்கும் பச்சைச் சட்டை, மூக்கில் நிற்காத சோடாபுட்டிக் கண்ணாடி. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்களின் படங்களில் இந்த ஆளை அடிக்கடி பார்க்கலாம். இரண்டாம் ஆண்டில் நானும் இவனைத்தான் உருவாக்கினேன். அவன் திரையில் வந்ததுமே வகுப்பு முழுக்கச் சிரிப்பு. வெளியாட்களுக்குப் போட்டுக் காட்டியபோது ஒரு சத்தமும் இல்லை. அதில் நடித்த நண்பனைத் தினமும் பார்க்கிற எங்களுக்கு அவன் வேஷம் போட்டதே சிரிப்பாக இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அவன் யாரோ ஒருவன், அவ்வளவுதான்.

உடையை ஜோக் அடிக்க விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. தான் போட்டிருப்பது சிரிப்பாக இருக்கிறது என்று கதாபாத்திரத்துக்குத் தெரியவே கூடாது. இன்டர்வியூவுக்குக் கிளம்பும் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. தலையைப் படிய வாரியிருக்கிறான், நடையில் ஒரு மிடுக்கு. அவன் திரும்பும்போதுதான் தெரிகிறது, ரெடிமேட் பேண்டில் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருக்கும் அளவு ஸ்டிக்கரை உரிக்கவே இல்லை. அவன் ஒழுங்காக உடுத்தியிருப்பதால்தான் அந்த ஒரு ஸ்டிக்கர் வேலை செய்கிறது.

1914இல் சாப்ளின் தன் நாடோடி வேஷத்தை இப்படித்தான் அமைத்தார்: தொளதொள பேண்ட், இறுக்கமான கோட், சின்னத் தொப்பி, பெரிய ஷூ. ஒன்றுக்கொன்று முரண். ஆனால் அதை மாட்டிக்கொண்டவர் நடந்தது கனவானைப் போல. நம்மவர்கள் முரணை மட்டும் எடுத்துக்கொண்டு கனவானை விட்டுவிடுகிறார்கள்.

அதேபோல எல்லோருக்கும் விசித்திர உடை கொடுக்காதீர்கள். தொடக்கக் காட்சியில் அம்மா நைட்டியில், அப்பா பனியனும் லுங்கியுமாக, வீடு வீடாகவே இருக்கட்டும். அப்போதுதான் எது பிசகியிருக்கிறது என்று பார்ப்பவருக்குப் பிடிபடும்.

அடுத்து லுக். படம் காமெடி, ஆனால் மூட் போர்டில் (படத்தின் லுக்குக்கு மாதிரிப் படங்களை ஒட்டும் பலகையில்) ஒட்டியிருப்பதெல்லாம் க்ரைம் படங்களின் ஸ்டில். பாதி முகம் இருட்டு, நீலச் சாயம், போதாததற்கு ஸ்லோமோஷன். காமெடிக்கு முகம் தெரிய வேண்டும், கை கால் தெரிய வேண்டும். ஸ்டிக்கர் ஜோக்கை க்ளோஸ்-அப்பில் காட்டினால் அது வெறும் தகவல். வைட் ஷாட்டில் அவன் கம்பீரமாக நடந்து போக, பார்ப்பவர் தானாகக் கண்டுபிடித்தால்தான் சிரிப்பு வரும். (த்ரில்லரைக் கிண்டல் செய்யும் படம் என்றால் இருட்டு லுக் பொருந்தும். அப்போது அதைப் பாதியில் விட்டுவிடக் கூடாது.)

கலரை லொக்கேஷன் பார்க்காமல் முடிவு செய்வதும் நடக்கிறது. வெளிர்பச்சைச் சுவருக்கு முன்னால் வெளிர்பச்சைச் சட்டை போட்டால் ஆள் காணாமல் போவான். ஹீரோவுக்கு அது ஆபத்து. ஆனால் வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத தம்பி பாத்திரத்துக்கு அதையே வேண்டுமென்று செய்யலாம், நல்ல கேக் (gag, அதாவது காட்சியாக வரும் ஜோக்).

பளிச் வெள்ளை இன்னொரு தொல்லை. செல்போன் கேமரா ஆட்டோவில் இருந்தால் சட்டைக்காக வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்ச அளவை) முகத்துக்கு லாக் செய்யுங்கள். வெள்ளைதான் வேண்டுமென்றால் டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி உலர்த்தினால் கண்ணைக் கூசாது. சட்டை யாருடையது என்று கேட்டுவிட்டு முக்கவும். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சட்டைகள் கேமராவில் அலையலையாக நெளியும், அவை வேண்டாம். டியூப்லைட் வீட்டுக்குள் எடுத்தால் படத்தில் பட்டை ஓடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ‘டி.ஐ.யில் (ஷூட்டிங் முடிந்த பிறகு கலரைச் சரிசெய்யும் வேலையில்) பார்த்துக்கலாம்’ என்பவரிடம் இந்தப் பட்டைகளைக் கொடுத்துப் பாருங்கள்.

கண்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் லுக்கும் மாறாமல் இருப்பது, பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். சாம்பார் கொட்டுவதுதான் முதல் கேக் என்றால் ஒரே மாதிரி சட்டை குறைந்தது 2 வேண்டும். இல்லாவிட்டால் சட்டை சுத்தமாக இருக்கும் ஷாட்களை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கடைசியாக ஊற்றுங்கள். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் காலர், கை மடிப்பு, பட்டன், வாட்ச் எல்லாம் தெரிய ஒரு போட்டோ. இந்த வேலைக்கென்று ஒருவரை வையுங்கள். டைரக்டரே பார்த்துக்கொள்வார் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்.

போலீஸ் காமெடி எழுதியிருந்தால் காக்கிச் சட்டை வாடகைக்குக் கிடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு பிரேக்கில் டீக்கடைக்குப் போவதுதான் தப்பு. நிஜ போலீஸ் வந்து கேட்டால் விளக்கம் சொல்லியே அரை நாள் போய்விடும். ஷாட்டுக்கு மட்டும் மாட்டி உடனே கழற்றச் சொல்லுங்கள், வெளியிடம் என்றால் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

காலர் மைக் குத்துகிறீர்களா? மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையும் பட்டும் உரசி, வசனத்தைவிட அதிகம் பேசும்.

ஷூட்டிங்குக்கு முந்தின நாள், நடிகர்கள் எல்லோரையும் அதே உடையில், அதே சுவருக்கு முன்னால், அதே நேரத்து வெளிச்சத்தில் நிற்கவைத்து ஒரு 30 விநாடி எடுங்கள். சத்தத்தை அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, ‘இதில் யார் யார், என்ன உறவு?’ என்று கேளுங்கள். அப்பாவை மாமா என்றால்கூடப் பரவாயில்லை. ஹீரோவைப் பார்த்து ‘இவன் யார், ஃபேன்சி டிரஸ் போட்டிக்குப் போறானா?’ என்று கேட்டால் சட்டையை மாற்ற இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது.