ஓப்பன் சோர்ஸ்ல முதல் பிஆர்: மாட்டிக்கிட்ட இடத்துலயே ஆரம்பிங்க

கருப்பூர், ஓமலூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற தம்பிங்க கேக்கறது இதான், "அண்ணா, கோடிங் ஓரளவு வருது, ஆனா ஓப்பன் சோர்ஸ்ல எங்க தொடங்கறதுன்னே தெரியல". கோடிங் வரைக்கும் போனாத்தானே, அதுக்கு முன்னாடி செட்டப்லயே நிறைய பேர் கழண்டுக்கறாங்க.

ஸ்டெப் 1: நீங்களே யூஸ் பண்ற சின்ன டூல் ஒண்ணு எடுங்க. போன மாசம் ஏதாவது பிஆர் (புல் ரிக்வெஸ்ட், அதாவது "என் மாத்தத்தைச் சேர்த்துக்கோங்க"ன்னு அனுப்பற கோரிக்கை) மெர்ஜ் ஆச்சான்னு, அதாவது ப்ராஜெக்ட்ல சேர்ந்துச்சான்னு பாருங்க, ஆகலன்னா வேற பாருங்க. லினக்ஸ் கெர்னல்லாம் இப்ப வேணாம், அங்க பேட்ச் (கோட் மாத்தம்) ஈமெயில்ல போகும், அது தனி உலகம்.

ஸ்டெப் 2: கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலை (எப்படி பங்களிக்கணும்னு ப்ராஜெக்ட்லயே இருக்கற குறிப்பு) படிங்க, ஃபோர்க் பண்ணி (உங்க கிட்ஹப் அக்கவுன்ட்ல ஒரு காப்பி எடுத்து) குளோன் பண்ணுங்க (அதை உங்க மெஷின்ல இறக்குங்க). ஏற்காட்டுல டவர் ஒத்தக் கோட்டுல ஆடுதுன்னா டெப்த் 1 (--depth 1) போட்டு குளோன் பண்ணுங்க, பழைய ஹிஸ்டரி இறங்காது, டேட்டா மிச்சம்.

ஸ்டெப் 3: இதான் முக்கியம். ரீட்மீல (ப்ராஜெக்டோட அறிமுகக் குறிப்பு) சொன்னபடியே ஓட்டிப் பாருங்க, எங்க நிக்குதோ அங்க எரரோட நோட்பேட்ல எழுதி வைங்க. மெயின்டெய்னர் (ப்ராஜெக்டைப் பாத்துக்கறவர்) மெஷின்ல எல்லாம் எப்பவோ இன்ஸ்டால் ஆகியிருக்கும், அதனால ஒரு பேக்கேஜ் விட்டுப்போனது அவர் கண்ணுல படவே படாது, புதுசா வர்ற உங்களுக்குத்தான் தெரியும், அந்த விட்டுப்போன வரியை ரீட்மீல சேர்க்கறதுதான் உங்க முதல் பிஆர். புதுசா வர்றவங்களுக்குன்னு ஒதுக்கின குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ லேபிளுக்கு அடிச்சுக்கறதைவிட இது எவ்வளவோ மேல். அதுக்காக சும்மா ஒரு வார்த்தையை மாத்தி அனுப்பிடாதீங்க, 2020 ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல (அக்டோபர்ல பிஆர் போட்டா டீ-ஷர்ட் தந்த நிகழ்ச்சி) டீ-ஷர்ட்டுக்காக அப்படிக் குவிச்சு மெயின்டெய்னர்களை வெறுப்பேத்தினாங்க, அப்புறம் சேர விருப்பம் சொன்ன ப்ராஜெக்ட்ல போட்ட பிஆர் மட்டும்தான் கணக்குன்னு ரூலையே மாத்திட்டாங்க.

ஸ்டெப் 4: சந்தேகம்னா "சார் ப்ளீஸ் கைட் மீ"ன்னு போடாதீங்க, அதுக்கு யாரும் என்னத்த பதில் சொல்றது? என்ன ஓஎஸ், என்ன கமாண்ட் அடிச்சீங்க, என்ன எரர் வந்துச்சு, டெக்ஸ்ட்டாவே ஒட்டுங்க, ஸ்கிரீன்ஷாட் வேணாம். இங்கிலீஷ் சுமாரா இருந்தாலும் பரவால்ல.

ஸ்டெப் 5: மெயின்ல (மூல கிளை) கை வைக்காம தனி பிராஞ்ச்ல மாத்தி, கமிட் (மாத்தத்தைப் பதிவு பண்றது), புஷ் (கிட்ஹப்புக்கு ஏத்தறது), பிஆர். புது ஆளுன்னா கிட்ஹப்ல செக் (தானா ஓடற சோதனை) எல்லாம் மெயின்டெய்னர் அப்ரூவலுக்குக் காத்துக் கிடக்கும், ஏதோ உடைச்சிட்டோம்னு பயந்து க்ளோஸ் பண்ணிடாதீங்க. பதில் வர வாரக்கணக்காகலாம், அவங்களும் பெரும்பாலும் தங்க வேலை முடிஞ்சு சம்பளம் இல்லாம இதைப் பாக்கறவங்கதான். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை பணிவா கேளுங்க. திருத்தம் சொன்னா புது பிஆர் போடாம அதே பிராஞ்ச்லயே மறுபடி புஷ் பண்ணுங்க, தானா அப்டேட் ஆகிடும்.