பேலியோ: சோறு போனது, மாவு போகவில்லை

தானியம், பருப்பு, சர்க்கரையை விட்டுவிட்டு இறைச்சி, முட்டை, காய்கறி, கொட்டைகள் என்று சாப்பிடும் முறைதான் பேலியோ. அதைத் தொடங்குகிறவர்கள் முதலில் சோற்றை நிறுத்துகிறார்கள். அடுத்த வேலையாக அந்த இடத்தில் சாமையையும் தினையையும் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் அளவில் மாவுச்சத்து என்றால், சிறுதானியங்களில் 60 முதல் 70 வரை இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் நாளுக்கு 40 கிராம் மாவுச்சத்துக்குள் நிற்க நினைப்பவருக்கு ஒரு கிண்ணம் சாமைச் சோறே அன்றைய கணக்கைத் தீர்த்துவிடும். கருப்பட்டி, நாட்டு வெல்லம், தேன் எல்லாம் இதே கதை.

இதைவிட ஏமாற்றுவது குழம்பு. சாம்பாரில் பருப்பு இருப்பது கண்ணுக்குத் தெரியும். சாம்பார்ப் பொடியிலும் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் வறுத்து அரைக்கப்பட்டிருப்பது தெரியாது. வற்றல் குழம்பு நீர்த்திருந்தால் இறக்கும் முன் அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவது நம் வீட்டுப் பழக்கம். ஹோட்டல் குருமாவுக்குக் கெட்டி கொடுப்பது பொட்டுக்கடலையும் முந்திரியும். சிக்கன் 65-இன் மொறுமொறுப்பு சோள மாவிலிருந்தும் மைதாவிலிருந்தும் வருகிறது. எனவே வெளியே சாப்பிட்டால் தந்தூரி சிக்கன், ஆம்லெட், மாவு புரட்டாமல் கல்லில் போட்ட மீன் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் கெட்டிக்கு இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவலோடு அரை ஸ்பூன் கசகசா அரைத்து விட்டால் போதும்.

தாளிப்பில் விழும் அரை ஸ்பூன் உளுந்துக்கு யாரும் பதற வேண்டாம், அதில் 2 கிராம் மாவுச்சத்துகூடத் தேறாது. அதைப் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டு நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்ட டீ குடிப்பவர்கள்தான் அதிகம்.

சோற்றுக்கு மாற்றாகக் காலிஃபிளவர் நல்ல தேர்வு. பலர் ஒரே நாளில் வெறுத்துவிடுவதற்குக் காரணம் அது கூழாகிப்போவதுதான். பூவில் 100-க்கு 92 பங்கு தண்ணீர். புழுவுக்காக மஞ்சள், உப்பு போட்ட வெந்நீரில் முக்கி எடுத்தபின் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். மிக்ஸியில் ஓடவிட்டால் ஒரு பக்கம் விழுதாகிவிடும். பெரிய கண் துருவியில் துருவுவதே சரி. அகலமான இரும்புக் கடாயில் நெய் நன்றாகக் காய்ந்ததும் கொட்டி, பெருந்தீயில் மூன்று, நான்கு நிமிடம் கிளறினால் உதிரியாக வரும். மூடி போடக் கூடாது. முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்ளும், இறக்கும்போது தூவுங்கள்.

காலை உணவாகப் பாதாம் எடுப்பவர்கள் எண்ணி எடுக்க வேண்டும். 100 பாதாம் ஏறத்தாழ 120 கிராம், கிட்டத்தட்ட 700 கலோரி. அது ஒரு வேளைச் சாப்பாடு, டிவி பார்த்துக்கொண்டே கொறிப்பதற்கானது அல்ல. கல் உருவாகத் துணைபோகும் ஆக்ஸலேட் என்ற பொருள் பாதாமில் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. வேர்க்கடலை பருப்பு வகை. பேலியோ பட்டியலில் அதற்கு இடமில்லை.

இரண்டு முட்டையோடு மதிய உணவை முடித்துவிட்டு, நான்கு மணிக்கு முறுக்கைத் தேடுவது புரதக் குறைவால். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம்தான் இருக்கிறது. எலும்போடு வாங்கும் கால் கிலோ கோழியில் கறி 160 கிராம் அளவில்தான் தேறும், அதில் 30 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும்.

முதல் வாரத் தலைவலிக்கும் கிறுகிறுப்புக்கும் பெரும்பாலும் உப்புக் குறைவதுதான் காரணம். மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் சோடியத்தைக் கூடுதலாக வெளியேற்றும். உப்புப் போட்ட எலும்பு சூப் ஒரு டம்ளர் போதும். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ இருப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களோ உணவை மாற்றும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலின் ஊசி, கிளிமிபிரைடு மாத்திரை ஆகியவற்றின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை வெட்டினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோ அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குக் கூடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் குளூக்கோமீட்டர் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.