சட்டியும் அகப்பையுமாக லைம்ஹவுஸுக்கு: லண்டன் மரதன் பார்க்கப் போகிறவர்களுக்கு

2017 ஏப்ரலில் என் தம்பி முதன்முதலாக லண்டன் மரதன் ஓடினான். நாங்கள் குடும்பமாக வெள்ளன எழும்பி, டவர் பிரிட்ஜுக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஐந்து வரிசைச் சனம். ஓடுபவர் எங்கே வருகிறார் என்று காட்டும் போன் செயலியில் தம்பியின் பெயரோடு ஒரு புள்ளி ஊர்ந்து வந்தது. நான் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி பாலத்துக்கு வந்தபோது ஆள் பாலத்தைக் கடந்து போய் ஐந்து நிமிடமாகிவிட்டது. பின்னேரம் அவன் கேட்டான்: "அக்கா, நீங்கள் வந்தனீங்களோ?"

அந்தக் கேள்வியின் சூட்டில்தான் அடுத்த வருடம் ஒழுங்காகத் திட்டம் போட்டுப் போனேன். பிறகு தம்பி ஓடுவதை நிறுத்திவிட்டான், நான் போவதை நிறுத்தவில்லை. இப்போது ஈஸ்ட்ஹாமில் யார் வீட்டுப் பிள்ளை ஓடினாலும் எனக்குத்தான் போன் வருகிறது: "அன்ரி, எங்கே நிற்கிறது, என்ன கொண்டுபோறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

முதலில் இடம். டவர் பிரிட்ஜும் கிரீனிச்சில் கட்டி சார்க் கப்பலடியும் படம் எடுக்க நல்ல இடங்கள், ஆள் பார்க்க மோசமான இடங்கள். தொலைக்காட்சியில் பார்த்த எல்லோரும் அங்கேதான் வருவார்கள். தவிர, மரதன் மொத்தம் இருபத்தாறு மைலுக்குச் சற்று மேல்; அதில் கட்டி சார்க் ஆறாவது மைல் கடந்து வருவது, டவர் பிரிட்ஜ் பாதித் தூரத்துக்குச் சற்று முன்னால். அங்கே ஓடுபவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் வருவார்கள். அவர்களுக்கு உங்கள் தேவை குறைவு.

உங்கள் தேவை இருபதாவது மைலுக்குப் பிறகுதான். உடம்பில் சேர்த்து வைத்த மாச்சத்து அந்த இடத்தில் ஏறக்குறைய தீர்ந்துவிடும். சுவரில் முட்டியதுபோல என்று தம்பி சொன்னான். ஓடுபவர்கள் எல்லோருமே அதைச் சுவர் என்றுதான் சொல்கிறார்கள். அதுவரை கையசைத்து வந்த ஆள் பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு வருவார்.

ஆகையால் நான் நிற்பது லைம்ஹவுஸுக்குப் பக்கத்தில், த ஹைவே என்ற பெருந்தெருவில். அதன் அருமை என்னவென்றால், ஓடுபவர்கள் டவர் பிரிட்ஜைக் கடந்து பதின்மூன்றாவது மைலில் கிழக்கே போகும்போதும் அந்தத் தெருவால்தான் போகிறார்கள், கனரி வோர்ஃப் எல்லாம் சுற்றிவிட்டு இருபத்திரண்டாவது மைலில் மேற்கே திரும்பும்போதும் அதே தெருவால்தான் வருகிறார்கள். நின்ற இடத்திலிருந்தே ஒரு ஆளை இரண்டு தரம் பார்க்கலாம். ஈஸ்ட்ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் மூன்று ஸ்டேஷன் போய் வெஸ்ட்ஹாமில் இறங்கி, ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் போகும் ரயிலில் ஏறினால் அடுத்தது லைம்ஹவுஸ். பிறகு பத்து நிமிட நடை. ஞாயிற்றுக்கிழமை, எங்காவது தண்டவாள வேலை இருக்கும். சனிக்கிழமை இரவே பார்த்துவிடுங்கள்.

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை ஓடுபவரிடம் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். "வடக்குப் பக்கம்" என்றெல்லாம் சொல்லாதீர்கள், இருபத்திரண்டாவது மைலில் யாருக்குத் திசை தெரியும்? "உனக்கு இடக்கைப் பக்கம், மஞ்சள் குடையோடு நிற்பேன்" என்று சொல்லுங்கள். 2025இல் 56,000 பேருக்கு மேல் ஓடி முடித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்கள் அவரைக் கண்டுபிடிப்பதைவிட, அசையாமல் நிற்கும் உங்களை அவர் கண்டுபிடிப்பது லேசு. நடுவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பதால் பிறகு பக்கம் மாறவும் முடியாது. வரைபடத்தைப் பார்த்து, இரண்டு பாதையில் எது உங்களுக்குக் கிட்ட வருகிறதோ அதற்கேற்ப முடிவு செய்யுங்கள். ஒன்றுதான் கிட்ட வரும் என்றால் இருபத்திரண்டையே எடுங்கள்.

அப்புறம் அந்தப் புள்ளி. 5 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதையில் பாய் மாதிரி ஒன்று விரித்திருப்பார்கள். ஓடுபவரோடு போகும் சிப் அதைத் தாண்டும்போதுதான் உண்மையான நேரம் பதிவாகும். இரண்டு பாய்களுக்கு நடுவே போன் காட்டுவது வெறும் ஊகம். போதாததற்கு, இலட்சக்கணக்கான சனம் ஒரே நேரத்தில் போனைத் தட்டினால் இணைப்பு திக்கித் திணறும். என்னைக் கேட்டால் ஒரு துண்டுக் கடதாசி போதும். ஆள் தொடக்கக் கோட்டைத் தாண்டிய நேரத்தை மட்டும் போனில் பாருங்கள், மிச்சத்தைக் கணக்குப் போடுங்கள். ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்கு ஒரு மைலுக்குப் பதினொன்றரை நிமிடம். பத்தரைக்குக் கோட்டைத் தாண்டினால், பதின்மூன்றரை மைலுக்கு ஒரு மணி கடந்து ஐந்து நிமிடம். இருபத்திரண்டுக்குக் கணக்குப்படி ஏறத்தாழ இரண்டே முக்கால். ஆனால் பிந்திய மைல்களில் எல்லோரும் மெதுவாவார்கள். மூன்றே காலுக்கும் காணவில்லை என்றால் பயப்பட வேண்டாம். முக்கியமாக ஓடுபவரின் அம்மாவுக்குப் போன் பண்ணாதீர்கள்.

இடையில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் சாப்பிட்டுவிடுங்கள். கழிப்பறைக்கு வழி, பக்கத்துப் பப்பில் ஒரு தேத்தண்ணி வாங்குவது.

சரி, என்ன சொல்லிக் கத்துவது? எதைச் சொல்லக்கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். "இன்னும் கொஞ்சம்தான்!" என் மச்சான், அதாவது இவருடைய தம்பி, ஒரு வருடம் ஓடும்போது எட்டாவது மைலில் யாரோ இப்படிச் சொன்னார்களாம். "பதினெட்டு மைல் கிடக்கு, அண்ணி. அந்த மனுசனுக்கு அடிக்கவேணும் போல இருந்தது" என்றார். முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தவிர வேறெங்கும் அந்த வாக்கியம் ஆகாது. நடப்பவரைப் பார்த்து "நடக்காதே, ஓடு" என்பதும் கூடாது. அவர் ஆசைப்பட்டா நடக்கிறார்?

பெயரைச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் சட்டையில் பெயரை எழுதிக்கொண்டுதான் வருவார்கள், இதற்காகவே. "கமான், சாரா" என்று யாரென்றே தெரியாத ஒருவர் கத்தினால் குனிந்த தலை நிமிர்வதை நான் ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். பெயர் வாசிக்கத் தெரியாவிட்டால் நிறத்தைச் சொல்லுங்கள், சட்டையில் உள்ள தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லுங்கள். காண்டாமிருக வேடத்தில் வருபவரை "காண்டாமிருகம்" என்றே கூப்பிடலாம், கோபிக்க மாட்டார். பெயர் பிழைத்துவிடுமோ என்று கூச்சப்பட வேண்டாம். எங்கள் பெயர்களை இந்த நாடு எத்தனை விதமாகக் கூப்பிட்டிருக்கிறது!

நின்றுவிட்டவருக்கு, அல்லது அழுதுகொண்டு நடப்பவருக்கு, கத்தல் வேண்டாம். குரலைத் தாழ்த்தி, கண்ணைப் பார்த்து, "அந்த விளக்குக் கம்பம் வரைக்கும்" என்று காட்டினால் போதும். கால் பிடித்துக்கொண்டு ஓரத்தில் சாய்ந்தால் இடம் விடுங்கள். ஆள் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், உடனே முதலுதவிக்காரரைக் கூப்பிடுங்கள். அந்த நேரம் "உன்னால் முடியும்" என்று உற்சாகப்படுத்துவது ஆபத்து.

சத்தத்துக்கு நான் கொண்டுபோவது ஒரு பழைய எவர்சில்வர் சட்டியும் மர அகப்பையும். இரும்பு அகப்பை வேண்டாம், காது கிழியும். விசிலும் வேண்டாம். காற்று ஹோர்ன் ஊதுபவரின் பக்கத்தில் நிற்கவும் வேண்டாம். தொண்டையை நம்பிப் போனால் இரண்டு மணிக்குக் குரல் போய்விடும், உங்கள் ஆள் வரும் நேரம் வெறும் காற்றுத்தான் வரும். பிளாஸ்கில் கொத்தமல்லி அவித்த தண்ணி கொண்டுபோகிறேன்.

சாப்பாடு கொடுப்பதென்றால் தோடம்பழம். கால்வாசியாக வெட்டி, தோலோடு, பெட்டியைத் திறந்து நீட்டுங்கள், அவர்களே எடுப்பார்கள். ஜெலி பேபீஸ் இனிப்பும் நன்றாகப் போகும், கடதாசி பிரிக்கும் வேலை இல்லை. ஒரு வருடம் நான் கச்சான் அல்வா கொண்டுபோய் நீட்டினேன். பக்கத்தில் நின்ற தாதி ஒருவர், கச்சான் ஒவ்வாதவர் யாராவது களைப்பில் பார்க்காமல் எடுத்து வாயில் போட்டால் என்னாகும் என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. அல்வாவை நாங்களே சாப்பிட்டு முடித்தோம். 2018இல் லண்டன் மரதன் வரலாற்றிலேயே இல்லாத வெயில், 24 பாகைக்கு மேல். அன்றைக்கு ஐஸ் பழம் கொடுத்தவர்களைத்தான் ஓடுபவர்கள் தெய்வமாகப் பார்த்தார்கள். ஏப்ரலை நம்ப முடியாது, ஆலங்கட்டி மழையும் பெய்யும். குடையோடு தொப்பியும் எடுங்கள்.

பிள்ளைகள் கையடிக்க நீட்டுவார்கள். கையை விரித்து அசையாமல் பிடிக்கச் சொல்லுங்கள். ஓங்கி அடித்தால் இருபத்திரண்டு மைல் ஓடிய ஆள் சரிந்துவிடுவார். படம் எடுக்கப் பாதைக்குள் இறங்கக்கூடாது, தெரிந்தவரோடு கூட ஓடவும் கூடாது.

ஓடுபவர் வாசிக்கக் கையில் தூக்கிப் பிடிக்கும் எழுத்து மட்டைக்கு வருகிறேன். தடித்த கறுப்பு எழுத்து, நாலு சொல், அவ்வளவுதான். ஓடுபவருக்கு வாசிக்க இரண்டு நொடிகூட இல்லை. என் மகள் முதலில் எழுதிய மட்டையில் ஒரு முழுக் கடிதமே இருந்தது. பிறகு நான் தமிழிலேயே எழுதினேன்: "ஓடு பிள்ளை, சோறு இருக்கு." தம்பிக்கு ஒரு பகிடியாகத்தான் எழுதினேன். அந்த வருடம் தம்பி வருவதற்குள் புற்றுநோய் நிதிக்காக ஓடிய ஒரு பெண் பாதையின் அந்தக் கரையிலிருந்து குறுக்கே வந்து என் முன்னால் நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். மட்டையைத் தொட்டுப் பார்த்து, "அன்ரி, உண்மையாவே சோறு இருக்கா?" என்றாள். இல்லை, ரோல்ஸ்தான் இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுடைய அம்மம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாவாம். பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அந்த மட்டையை இப்போதும் ஒவ்வொரு வருடமும் கொண்டுபோகிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அது என்ன மொழி என்று ஒரு மைலுக்கு யோசிக்க விஷயம் கிடைக்கும்.

உங்கள் ஆள் போனதும் கிளம்பிவிடாதீர்கள். முடிந்தால் ஐந்து மணி வரைக்குமாவது நில்லுங்கள். காலையில் முன்னணி ஓட்டக்காரர் வரும்போது தெரு அதிரும். எலியுட் கிப்சோகே நான்கு தரம் இங்கே வென்றவர், அவர் எங்கள் சட்டிச் சத்தத்தை நம்பியா ஓடினார்? ஏழெட்டு மணி நேரமெடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும்போது தடுப்புக் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள், தெருவில் வெறும் போத்தல்கள் கிடக்கும். 1981இல் நடந்த முதல் லண்டன் மரதனில் முன்னுக்கு வந்த இருவர், அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நோர்வேக்காரரான இங்கெ சிமொன்சனும், கை கோர்த்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். கடைசியில் வருபவர்களிடம் அதை இன்றைக்கும் பார்க்கலாம், யாரென்று தெரியாதவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள்.

முடிவுக் கோடு பக்கிங்ஹாம் மாளிகைக்கு அருகே த மாலில். அங்கே போய் நிற்க ஆசைப்படாதீர்கள், நெரிசலில் ஒன்றும் தெரியாது. குடும்பங்கள் சந்திக்க ஹோர்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் ஆங்கில எழுத்து வரிசைப்படி பலகைகள் இருக்கும். எல்லோரும் தங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் நிற்பார்கள். எங்கள் ஆட்களுக்கு எது குடும்பப் பெயர், எது அப்பா பெயர் என்பதே குழப்பம், அதனால் ஒரே எழுத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சனம் குறைவாக இருக்கும் என்று நான் எக்ஸ் என்ற எழுத்தைச் சொல்லி வைப்பேன்.

ஒரு பையில் பாட்டாச் செருப்பு, சாரம், காய்ந்த சட்டை, உப்புப் போட்ட ஏதாவது தின்பண்டம். சப்பாத்தைக் கழற்ற அவரால் குனிய முடியாது, நீங்கள்தான் கழற்ற வேண்டும், மூக்கைப் பொத்தாமல். நேரம் என்ன என்று உடனே கேட்காதீர்கள், அவரே சொல்வார், பல தரம் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் ஏறுவது பெரிய கஷ்டமில்லை, அடுத்த நாள் காலையில் இறங்குவதுதான். கைபிடியைப் பிடித்து, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கச் சொல்லுங்கள். தம்பி அப்படித்தான் இறங்கி வந்தான், நான் சட்டியைத் தட்டிக்கொண்டு கீழே நின்றேன்.