கடற்கரைப் பூங்கா உணவகத்தில் சைக்கிள் ஸ்டாண்டு: மணல், உப்புக்காற்று, முள் மூன்றையும் சமாளிப்பது எப்படி?

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைப் பூங்காவுக்குள் மச்சான் சின்னதாக ஒரு உணவகம் நடத்துகிறார். காலையில் இட்லி, மதியம் மீன் சாப்பாடு, சாயங்காலம் டீ, பஜ்ஜி. காருக்கு இடம் உண்டு, பைக்குக்கு இடம் உண்டு. சைக்கிளில் வருகிறவர் மட்டும் வண்டியை எங்கே சாத்துவது என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நிற்பார். அதைச் சரிசெய்ய இரண்டு வருடம் ஆனது, ஒரு தப்பும் நடந்தது. உங்களுக்கு ஒரு வாரம் போதும்.

முதல் படி: எண்ணுங்கள்

ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு என்று இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், வண்டியை எதில் சாய்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்தவர்கள் மூன்று வகை. கேரியரில் ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரர்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பிள்ளைகள். ஞாயிறன்று ராமநாதபுரத்திலிருந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பாம்பன் பாலம் வரை மிதிப்பவர்கள். மூன்றாவது வகையின் கியர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஸ்டாண்டே கிடையாது. ஸ்டாண்டு உள்ள வண்டியும் மணலில் ஒரு பக்கமாகப் புதைந்து சாய்ந்துவிடும்.

இரண்டாம் படி: இடம்

சாப்பிடுகிறவர் நாற்காலியில் இருந்தபடியே தன் வண்டியைப் பார்க்க முடியவேண்டும். பூட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். கழிப்பறைக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது என்று அங்கே கொண்டுபோய் வைத்தால், ஒருவரும் நிறுத்தமாட்டார்கள். பழையபடி வேப்பமரத்தில்தான் சாய்ப்பார்கள். வாசலிலிருந்து பதினைந்து மீட்டருக்குள், இரவில் விளக்கு வெளிச்சம் படுகிற இடமாகப் பாருங்கள். பூவரசு நிழல் அருமை. தென்னை நிழல் வேண்டாம், காரணம் மேலே தொங்குகிறது.

ஒரு கார் நிற்கும் இடத்தில், அதாவது 5 மீட்டருக்கு 2.5 மீட்டரில், பத்து சைக்கிள் நிற்கும். குத்தகை பேசும்போது இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

பூங்கா உங்களுடையது அல்ல. ஊராட்சியோ பேரூராட்சியோ, யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். கடலோரம் என்பதால் கடற்கரை ஒழுங்குமுறை விதிகளும் உண்டு. குழி தோண்டி கான்கிரீட் போடுவதாக இருந்தால் கட்டாயம் கேட்டுக்கொள்ளவேண்டும். நாங்கள் குழியே தோண்டவில்லை. எப்படி என்பது அடுத்த படியில்.

நான்காம் படி: ஸ்டாண்டு செய்தல்

தப்பு நடந்தது இங்கேதான். முதல் வருடம் முன்சக்கரத்தை மட்டும் சொருகும் ரெடிமேட் ஸ்டாண்டு ஒன்றை டவுனில் வாங்கிவந்தோம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கிற அடியில் வண்டி சாயும், சக்கரம் மட்டும் கம்பிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு பையனுக்கு ரிம் கோட்டம் எடுத்துக் கொடுத்தோம். அடுத்த பொங்கலுக்குள் ஸ்டாண்டே துருப்பிடித்து உதிர்ந்தது.

சரியான வடிவம் கவிழ்த்துப் போட்ட 'ப'. வண்டியின் உடம்பு அதில் சாயும். சக்கரத்தையும் பிரேமையும் சேர்த்துப் பூட்டலாம். ஒரு 'ப'வுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வண்டி. ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், நடுத்தரக் கனமான பி கிளாஸ் கேளுங்கள். உயரம் 75 சென்டிமீட்டர், அகலம் 75. பாதி உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி வையுங்கள், சின்னப் பிள்ளைகள் வண்டிக்கு. கணக்குப் பார்த்தால் 6 மீட்டர் பைப் ஒன்றில் குறுக்குக் கம்பியோடு இரண்டு 'ப' வந்துவிடும்.

ஐந்து 'ப'க்களை 90 சென்டிமீட்டர் இடைவெளியில், 4 மீட்டர் நீள இரும்பு ஆங்கிள் இரண்டின் மேல் வரிசையாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். மொத்தம் தொண்ணூறு கிலோ பக்கம் வரும். தனியாள் தூக்கிக்கொண்டு ஓடமுடியாது, நாலு பேர் சேர்ந்தால் நகர்த்தலாம். "அண்ணே, அறுபது வச்சா இன்னும் ரெண்டு சேத்துப் போடலாமே" என்று பட்டறைத் தம்பி ஆசை காட்டுவார். மசியாதீர்கள். ஹேண்டில்பார் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

வெல்டிங் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு அந்த இடத்தில்தான் தொடங்கும். ஒட்டிய இடங்களைத் தேய்த்து ஜிங்க் பெயிண்ட் இரண்டு கை பூசுங்கள், அதன்மேல் எனாமல். கீழே ஓடும் ஆங்கிளுக்கு மஞ்சள் அடியுங்கள், இல்லாவிட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். மணலின் மேல் நேரடியாக வைக்கவேண்டாம். கிராவல் கொட்டி, திமிசு போட்டு இடித்து இறுக்கி, பேவர் பிளாக் பரப்பி அதன்மேல் வையுங்கள்.

ஒவ்வொரு 'ப'வுக்கும் எண் எழுதினோம். அரசு சைக்கிள்கள் எல்லாம் ஒரே அச்சு. அடுத்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், சாவி சேராமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. ஓரத்து இடத்தை மீன்காரர்களுக்கு விட்டுவிடுங்கள், பெட்டிக்கு அகலம் வேண்டும்.

ஐந்தாம் படி: வழி

ஸ்டாண்டு இருந்தும் உள்ளே வரமுடியாவிட்டால் என்ன பயன்? மாடு நுழையாதிருக்கப் பூங்காக்களில் வளைந்து நெளிந்த கேட் வைத்திருப்பார்கள். சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கவேண்டியதுதான். பக்கத்தில் 1.2 மீட்டர் அகலத்தில், தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கேட் ஒன்று கேளுங்கள். படி இருந்தால் சரிவுப்பாதை போடுங்கள்: 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர் நீளம். சக்கர நாற்காலிக்கும் அதுவே உதவும். குழந்தைகள் விளையாடும் பக்கம் "இறங்கித் தள்ளி வரவும்" என்று ஒரு போர்டு. கட்டணம் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: முள்

நம் மாவட்டத்தில் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! தினமும் காலையில் வழியைப் பெருக்குங்கள். ஒரு காற்றுப் பம்பு, சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள் கல்லாப் பக்கம் இருக்கட்டும். பம்பு வாங்கும்போது பழைய சைக்கிள் வால்வு, கார் வால்வு, ரேஸ் சைக்கிளின் ஒல்லி வால்வு மூன்றுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பஞ்சர் ஒட்டுகிற நேரத்தில் இரண்டு டீ ஓடும், மச்சான் கண்டுபிடித்தது.

புரட்டாசியில், மழைக்கு முன், ஒரு தடவை பெயிண்ட். நிழலுக்குக் கிடுகு வேய்ந்திருந்தால் அதைக் கயிற்றில் கட்டுங்கள், ஆணி அடிக்காதீர்கள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால் அவிழ்த்து உள்ளே போட வசதி. ஸ்டாண்டையும் நாலு பேரைக் கூப்பிட்டுச் சுவரோரம் தள்ளிவிடுங்கள்.