இணையச் சமூகங்கள் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைச் சாயாமல் எழுதுவது எப்படி

ஆற்றைப் பற்றி எழுதினால் ஆறு வந்து கட்டுரையைத் திருத்தாது. ஓர் இணையச் சமூகத்தைப் பற்றி எழுதினால் அதன் உறுப்பினர்கள் வருவார்கள், அங்கிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள் வருவார்கள், போட்டித் தளத்தில் இருப்பவர்களும் வருவார்கள். எல்லோர் முன்னாலும் கட்டுரையைத் திருத்த உதவும் ‘தொகு’ பொத்தான் இருக்கிறது. போதாததற்கு, அந்தச் சமூகத்தைப் பற்றிக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி அதன் உறுப்பினர்களே எழுதியது. ரெடிட், ஃபோர்சான், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற பெருந்தளமானாலும் சில நூறு பேர் கூடும் சிறு மன்றமானாலும், கட்டுரை சாய்வதற்கு இந்த இரண்டும்தான் முக்கியக் காரணங்கள். ஆகவே வேலையைச் சொற்களிலிருந்து தொடங்காதீர்கள். சான்றுகளிலிருந்து தொடங்குங்கள்.

நடுநிலை நோக்கு என்று விக்கிப்பீடியா சொல்வது, ஆதரிப்பவருக்குப் பாதி, எதிர்ப்பவருக்குப் பாதி என்று பங்கு பிரிப்பதல்ல. நம்பத்தக்க, சமூகத்தைச் சாராத சான்றுகள் ஒரு விஷயத்துக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ ஏறக்குறைய அவ்வளவு இடத்தைக் கட்டுரையும் தர வேண்டும். ஸ்டார்ம்ஃபிரண்ட் தளத்தை வெள்ளை இனவெறித் தளம் என்றே ஆய்வு நூல்களும் செய்தித்தாள்களும் குறிப்பிடுகின்றன. அங்கே ‘சிலர் இதை இனவெறித் தளம் என்கின்றனர்’ என்று எழுதினால் நிதானமாக எழுதியதுபோல் தோன்றும். ஆனால் அந்த வாக்கியம் தளத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

எழுதும் முன் உங்கள் இடத்தைச் சொல்லுங்கள்

அந்தச் சமூகத்தில் நீங்கள் வெறும் உறுப்பினர் என்றால் எழுதலாம்; கட்டுரையோடு இணைந்த விவாதப் பக்கமான பேச்சுப் பக்கத்தில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுவது நல்லது. மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவர்), நிறுவியவர், ஊழியர் என்றால் கட்டுரையில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். மாற்ற வேண்டிய வாக்கியம், மாற்று வாக்கியம், அதற்கான சான்று என்ற மூன்றையும் பேச்சுப் பக்கத்தில் இட்டு, வேறொருவர் சேர்க்கும்வரை காத்திருங்கள். பணம் பெற்றுக்கொண்டு எழுதுவோர் யாருக்காக எழுதுகிறோம் என்பதை அறிவித்தே ஆக வேண்டும் என்பது 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்தச் சமூகத்திலிருந்து தடை செய்யப்பட்டு வெளியே வந்தவருக்கும் நலமுரண், அதாவது நடுநிலையைக் குலைக்கும் சொந்த ஈடுபாடு, உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சான்றுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கட்டுரையைத் திறக்காமல், உங்கள் மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் எழுதிப் பார்ப்பதற்கான பக்கம்), கிடைத்த சான்றுகளை எல்லாம் பட்டியலிடுங்கள். சமூகத்தைச் சாராதவர் அதைப் பற்றியே விரிவாக எழுதியவை முதல் குவியல். வேறொன்றைப் பற்றி எழுதும்போது போகிற போக்கில் குறிப்பிட்டவை இரண்டாவது. தளத்தின் அறிமுகப் பக்கம், நிர்வாகிகளின் அறிவிப்பு, உறுப்பினர்களின் இழைகள் (மன்ற உரையாடல்கள்) முதலியவை மூன்றாவது. கட்டுரையின் எலும்பும் சதையும் முதல் குவியலிலிருந்து மட்டும் வர வேண்டும். அதில் மூன்று சான்றுகூடத் தேறவில்லை என்றால் தனிக் கட்டுரை எழுதாமல், அந்தச் சமூகம் இயங்கும் தளத்தின் கட்டுரையில் ஒரு பத்தியாகச் சேர்ப்பது மேல். சான்று போதாத இடத்தில்தான் கற்பனையும் விசுவாசமும் புகுந்து இடத்தை நிரப்புகின்றன.

முதல் குவியல் மெலிந்திருந்தால் செய்தித்தாள்களோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள். இணையச் சமூகங்கள் பல்லாண்டுகளாக ஆராயப்படும் பொருள். கணினிவழித் தொடர்பாடலுக்கென்றே ஓர் ஆய்விதழ் 1995 முதல் வருகிறது; ‘நியூ மீடியா அண்ட் சொசைட்டி’ 1999 முதல் வருகிறது. செய்தித்தாள் ஒரு சமூகத்தைப் பெரும்பாலும் சண்டை நடக்கும் நாளில்தான் எட்டிப் பார்க்கும். ஆய்வாளர்கள் சண்டை இல்லாத நாட்களையும் பார்த்திருப்பார்கள். செய்திகளை மட்டும் நம்பி எழுதிய கட்டுரையில் ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வு காணாமல் போய்விடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்யாமலே நேரும் சாய்வு இது.

மூன்றாவது குவியலைத் தூக்கி எறிய வேண்டாம். தொடங்கிய நாள், விதிகளின் வாசகம், நிர்வாகம் தன் முடிவுக்குச் சொன்ன காரணம் ஆகியவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது தற்புகழ்ச்சியாக இருக்கக் கூடாது. பிறரைப் பற்றிய கூற்றாக இருக்கக் கூடாது. அதை எழுதியது உண்மையில் அந்தச் சமூகத்தார்தான் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. கட்டுரை பெரும்பாலும் அதன் மேலேயே நிற்கவும் கூடாது. ‘2008இல் தொடங்கப்பட்டது’ என்பதற்குத் தளத்தின் அறிவிப்பு போதும். ‘துறையிலேயே மிகவும் நட்பான சமூகம்’ என்பதற்குப் போதாது.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: ‘புதிய விதியைப் பல பயனர்கள் எதிர்த்தனர்’ என்று எழுதி, ஐந்து இழைகளுக்கு இணைப்புக் கொடுப்பது. அந்த ஐந்தும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான இழைகளிலிருந்து அந்த ஐந்தைத் தேர்ந்தெடுத்தவர் தொகுப்பாளர். ஆதரித்து எழுதிய ஐந்தையும் அதே எளிமையோடு இன்னொருவர் எடுத்துவர முடியும். தொகுப்பாளர் தாமே ஆராய்ந்து கண்ட முடிவைக் கட்டுரையில் எழுதக் கூடாது என்ற விக்கிப்பீடியாவின் சொந்த ஆய்வுத் தடை இந்த இடத்துக்கானதுதான். எதிர்ப்பு பெரியது என்று வெளியார் ஒருவர் எழுதியிருந்தால் அவரை மேற்கோள் காட்டுங்கள்; யாரும் எழுதவில்லை என்றால் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

வட்டச் சான்றிலும் கவனம் தேவை. சான்றில்லாமல் கட்டுரையில் யாரோ சேர்த்த ஒரு வரியை நிருபர் ஒருவர் எடுத்து எழுதுவார். பிறகு அந்தச் செய்தியே அந்த வரிக்குச் சான்றாக வந்து உட்காரும். கண்டுபிடிப்பது கடினமல்ல. கட்டுரையின் வரலாற்றில் அந்த வரி எந்த நாளில் நுழைந்தது என்று பாருங்கள்; விக்கிபிளேம் கருவி இதற்கென்றே இருக்கிறது. செய்தி வெளியான நாளுக்கு முன்பே வரி கட்டுரையில் இருந்திருந்து, செய்தியும் தன் ஆதாரத்தைச் சொல்லவில்லை என்றால் அந்தச் சான்றை ஏற்காதீர்கள்.

சர்ச்சைக்கென்று தனிக் குப்பைத்தொட்டி வேண்டாம்

‘சர்ச்சைகள்’ என்று ஒரு தலைப்பைத் திறந்துவிட்டால் அது காந்தம் போல இழுக்கும். ஒவ்வொரு வாரச் சண்டைக்கும் ஒரு வரி சேர்ந்து, இரண்டு ஆண்டில் கட்டுரையின் பாதியை அது விழுங்கிவிடும். சம்பவத்தை அது நிகழ்ந்த இடத்தில் வையுங்கள். 2023 ஜூனில் ரெடிட்டின் ஏபிஐ (வெளிச் செயலிகள் தளத்தின் தரவைப் பெறும் வழி) கட்டண மாற்றத்தை எதிர்த்து, அதற்குள் இயங்கும் ஆயிரக்கணக்கான துணைமன்றங்கள் தங்களைப் பூட்டிக்கொண்டன. அது அந்தத் தளத்தின் வரலாற்றுப் பகுதிக்கும், தன்னார்வ மட்டுறுத்துநர்களுக்கும் நிறுவனத்துக்குமான உறவை விளக்கும் பகுதிக்கும் உரியது. அங்கே வைக்கும்போது காரணமும் விளைவும் தானாகவே கூட வந்துவிடும். ‘சர்ச்சைகள்’ தலைப்பின் கீழ் வைத்தால் வெறும் புகாராக நிற்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு: முதல் குவியலில் பத்துச் சான்றுகள் இருந்து, அவற்றில் மூன்று மட்டும் துன்புறுத்தல் பற்றிப் பேசுகின்றன என்றால், அந்தப் பகுதி கட்டுரையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒரே வரியில் முடிந்துவிடவும் கூடாது. தராசில் நிறுத்த மாதிரி இருக்க வேண்டியதில்லை, கண்ணளவு போதும். நேற்று நடந்ததை எழுதும்போது மட்டும் கூடுதல் கண்டிப்பு தேவை. இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டு, ஓராண்டு கழித்து யாராவது அதைப் பற்றி எழுதுகிறார்களா என்று பார்த்து விரிக்கலாம்.

முன்னுரையின் முதல் வாக்கியம் அது என்ன என்று சொல்லட்டும்: எந்த வகைத் தளம், எந்த ஆண்டு முதல், எதைப் பற்றிப் பேசும் இடம். நல்லதா கெட்டதா என்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் அந்தச் சமூகம் அறியப்படுவதே ஒரு கெட்ட செயலால்தான் என்றால், அதை முன்னுரைக்குள் கொண்டுவராமல் கீழே ஒளிப்பதும் பிழை.

விகுதியில் ஒளிந்திருக்கும் சாய்வு

தமிழில் ஒரு பக்கம் சாய்வதற்கு வசைச்சொல் தேவையில்லை, ஓர் எழுத்தே போதும். ‘வாக்கெடுப்பில் 200 பேர் பங்கேற்றனர்’ என்பது தகவல். ‘200 பேரே பங்கேற்றனர்’ என்றால் தீர்ப்பு. ‘வெறும்’, ‘மட்டுமே’, ‘தான்’, ‘கூட’ எல்லாம் இதே வேலையைச் செய்பவை. ‘நிர்வாகம் பதில்கூடச் சொல்லவில்லை’ என்பதில் உள்ள ‘கூட’வை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கட்டுரையை முடித்த பின் இந்த இடைச்சொற்களுக்காகவே ஒரு முறை தனியாகப் படிப்பது பயன் தரும்.

அடுத்தது மரியாதை விகுதி. செய்திகளில் நல்லவர் ‘சொன்னார்’, குற்றம் சாட்டப்பட்டவன் ‘சொன்னான்’. அந்தப் பழக்கம் நம்மை அறியாமல் கட்டுரைக்குள்ளும் வருகிறது: தளத்தை நிறுவியவர் ‘தொடங்கினார்’, தடை செய்யப்பட்ட பயனர் ‘பதிவிட்டான்’. கலைக்களஞ்சியத்தில் எல்லோருக்கும் ‘ஆர்’ விகுதிதான். நிறுவியவருக்கு ‘திரு.’ போன்ற அடைமொழியும் வேண்டாம்.

சொல்வினைகளும் அப்படியே. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் முன்பு மறைத்தார் என்று பொருள் வந்துவிடுகிறது. ‘அம்பலப்படுத்தினார்’ என்றால் சொன்னது உண்மை என்று நாமே சான்று கொடுத்ததாகிறது. ‘மழுப்பினார்’, ‘சாடினார்’, ‘முழங்கினார்’ எல்லாவற்றையும் விட்டு, ‘கூறினார்’, ‘எழுதினார்’ என்று நிறுத்துங்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

‘கூறப்படுகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘பிரபலமானதாம்’ போன்ற வடிவங்களில் சொன்னவர் மறைந்துவிடுகிறார். யார் சொன்னது என்று வாக்கியத்திலேயே எழுதுங்கள். சொன்னவர் யாரும் கிடைக்கவில்லை என்றால் சொல்வதற்கு எதுவும் இல்லை. ‘சமூகம் கொதித்தெழுந்தது’ என்று ஆயிரக்கணக்கான பேரை ஓர் ஆளாக ஆக்குவதும் இந்த வகைதான்.

பெயர்ச்சொல் தேர்வில் நிதானம் தேவை. ஒரு பதிவை நீக்கிய செயலை நீக்கியவர் ‘மட்டுறுத்தல்’ என்பார், பதிவிட்டவர் ‘தணிக்கை’ என்பார். கட்டுரையின் சொந்தக் குரலில் ‘நீக்கினர்’ என்று நடந்ததைச் சொல்லிவிட்டு, மற்ற இரண்டையும் யார் சொன்னாரோ அவர் வாயில் வையுங்கள். ‘கசிவு’க்கும் ‘அம்பல’த்துக்கும், ‘வெளியேறினர்’ என்பதற்கும் ‘விரட்டப்பட்டனர்’ என்பதற்கும் இதே விதி.

ஒரு கற்பனைத் தளத்தை வைத்துப் பார்ப்போம். ‘பயனர்களின் குரலை நசுக்கும் நிர்வாகம், எதிர்ப்பையும் மீறி 40 கணக்குகளை முடக்கியது’ என்று இருக்கிறது. திருத்திய வடிவம்: ‘மே மாதம் நிர்வாகம் 40 கணக்குகளைத் தடை செய்தது. தனிநபர் விவரங்களை வெளியிட்டதே காரணம் என்று அது அறிவித்தது. தடை செய்யப்பட்டவர்களில் மூவர், நிர்வாகத்தை விமர்சித்ததற்காகவே நீக்கப்பட்டதாக ஒரு நாளிதழிடம் கூறினர்.’ நீளம் கூடியிருக்கிறது. படிப்பவர் தாமே முடிவெடுக்கப் போதுமான தகவலும் கூடியிருக்கிறது.

எண்களும் ஆட்களும்

உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்று வகை உண்டு: இதுவரை பதிவு செய்தவர்கள், மாதம் ஒரு முறையாவது வருபவர்கள், நாள்தோறும் வருபவர்கள். தளங்கள் பெரிய எண்ணையே சொல்லும். எந்த வகை, யார் சொன்னது, எந்த மாத நிலவரம் என்று மூன்றும் இல்லாத எண்ணைச் சேர்க்காதீர்கள். இணையத்தளங்களை வருகையாளர் அளவால் வரிசைப்படுத்திய அலெக்சா தரவரிசை 2022 மே 1 அன்று மூடப்பட்டது. இன்னும் எங்காவது தகவற்பெட்டியில் (கட்டுரையின் ஓரத்தில் உள்ள சுருக்க அட்டவணை) அது ‘தற்போதைய’ தரமாக நின்றால் நீக்கிவிடலாம்.

உயிரோடு இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத குற்றச்சாட்டைப் பேச்சுப் பக்கத்தில் விவாதித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே எடுத்துவிடுங்கள். 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற இதழாளரைக் கென்னடி சகோதரர்களின் கொலைகளோடு தொடர்புபடுத்திய பொய் வரிகள் ஆங்கில விக்கிப்பீடியாவில் நான்கு மாதங்களுக்கு மேல் கிடந்தன. இணையச் சமூகக் கட்டுரைகளில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு: புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று எழுதிவிடுவது. அதை அழித்தாலும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். எனவே தொகுப்புச் சுருக்கத்தில் (திருத்தத்தோடு இடும் சிறு குறிப்பு) அந்தப் பெயரைத் திரும்ப எழுதாமல், வரலாற்றுப் பக்கத்திலிருந்தும் மறைக்கும் உரிமை உள்ளவருக்குத் தனிமடலில் சொல்லுங்கள்.

கூட்டமாக வந்தால்

‘நம்மைப் பற்றி விக்கிப்பீடியாவில் இப்படி எழுதியிருக்கிறார்கள்’ என்று மன்றத்தில் ஒரு பதிவு வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் புதுப் பயனர்கள் வரிசையாக வந்து அதே பத்தியை அழிப்பார்கள். அவர்களோடு மீளமைப்புப் போட்டியில், அதாவது பிறர் திருத்தத்தை மாறிமாறி நீக்கிப் பழைய வடிவத்தைக் கொண்டுவருவதில், இறங்காதீர்கள். 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் சரியான பக்கத்தில் நின்றாலும் தடை வரலாம். விக்கிப்பீடியா நிர்வாகியிடம், யார் தொகுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் காப்பு கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் அரைக்காப்பு இட்டால் 4 நாளும் 10 தொகுப்பும் கடந்த கணக்குகள்தான் எழுத முடியும். அதற்கு மேல்நிலையில் 30 நாளும் 500 தொகுப்பும் வேண்டும். 2014இல் கேமர்கேட் (விளையாட்டுத் துறைப் பெண்களைக் குறிவைத்த இணையத் துன்புறுத்தல் விவகாரம்) கட்டுரையில் மூண்ட சண்டை, ஆங்கில விக்கிப்பீடியாவின் நடுவர் குழுவரை போய், 2015 ஜனவரியில்தான் தீர்ப்பு வந்தது.

வந்தவர்கள் எல்லோரும் விஷமிகள் அல்லர் என்பதையும் மனதில் வையுங்கள். தங்கள் தளத்தை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். தேதிப் பிழையையும் பெயர்ப் பிழையையும் முதலில் காட்டுபவர்களும் அவர்களே. பேச்சுப் பக்கத்தில் ‘எந்த வரி தவறு, எந்தச் சான்று அதற்கு மாறாகச் சொல்கிறது’ என்று கேட்டால் உருப்படியான பதில் சிலரிடமிருந்தாவது வரும். எத்தனை பேர் கையை உயர்த்தினார்கள் என்று எண்ண வேண்டாம். இருபது பேர் சொன்னதையே திரும்பச் சொன்னால் அது ஒரு வாதம்தான்.

பிறகு பராமரிப்பு. மன்றங்களும் அறிவிப்புகளும் சொல்லாமல் மறையும். சான்று சேர்க்கும் அன்றே இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் சேமித்து, அந்த இணைப்பையும் மேற்கோளில் இடுங்கள். யாகூ ஆன்சர்ஸ் என்ற கேள்வி-பதில் தளம் 2021 மே 4இல் மூடப்பட்டபோது, அதன் பக்கங்களை நேரடியாகச் சுட்டிய மேற்கோள்கள் ஒரே நாளில் செத்துப்போயின. தளம் மூடப்பட்டால் வினைகளை இறந்த காலத்துக்கு மாற்றுங்கள். மூடிய நாளையும் நிர்வாகம் சொன்ன காரணத்தையும் சான்றோடு சேருங்கள். அந்த வாரத்தில் பழைய உறுப்பினர்கள் கட்டுரையில் இரங்கற்பா எழுத வருவார்கள். மாற்றங்களைக் காட்டும் உங்கள் கவனிப்புப் பட்டியலில் அந்தப் பக்கத்தை ஒரு மாதமாவது வைத்திருங்கள்.