பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, மேம்படுத்துவதா, மாற்றுவதா?

முதலில் தரவுகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

மெதுவாக இருக்கிறது என்பதற்காகவே தூக்கிப்போட வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரை (எது எவ்வளவு சுமை தருகிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) திறந்து, வழக்கமான வேலையைச் செய்தபடியே கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் பெரும்பாலும் காரணம். அதை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்; சாட்டா என்பது இணைப்பு வகை) போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும். இதைவிடப் பலன் தரும் மாற்றம் வேறில்லை. மெமரி (ரேம்) நிரம்பி வழிந்தால் 8 ஜிபியாவது ஆக்குங்கள். டிடிஆர்3 வகை மெமரியின் இடத்தில் டிடிஆர்4 வகை பொருந்தாது. வாங்குமுன் வகையைப் பாருங்கள். சில லேப்டாப்களில் மெமரி போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே வழியில்லை.

தேதி அடிக்கடி பின்னால் போகிறதா? மதர்போர்டிலுள்ள (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகை) சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரியை மாற்றினால் போதும். சூடாகித் தானாக அணைந்தால் தூசியைத் துடைத்து, பிராசசரின் மேல் பூசிய, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பியுங்கள்.

மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் (சிறு உருளை வடிவ பாகங்கள்) உப்பியிருந்தால் பழுது பார்க்கச் செலவழிக்காதீர்கள். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு (வழக்கமான அப்டேட்கள்) 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். இல்லையென்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ஓட்டலாம். உங்களுக்கு அவசியமான மென்பொருள் அதில் ஓடாது என்றால் மட்டும் புதியது வாங்குங்கள்.