புது கிரீஸ் கன், பழைய கணக்கு

போன வாரம் பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு வேலையாகப் போயிருந்தேன். பராமரிப்புப் பிரிவில் இரண்டு தம்பிகள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒருவர், இயந்திரத்துக்குக் கிரீஸ் ஏற்றும் கிரீஸ் கன்னைத் தலைகீழாகப் பிடித்துச் சிமெண்டுத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் என்னைப் பார்த்ததும், "கெட்டுப் போச்சுண்ணே, புதுசு வாங்கித் தரச் சொல்லணும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். கிரீஸ் வராததற்குக் கன் கெட்டது காரணமில்லை. தலைக்குள் காற்று அடைத்திருந்தது, அவ்வளவுதான். இதே பிறையில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு நானும் இப்படித்தான் தட்டினேன், தட்டித் தட்டிக் குழலை நசுக்கி, நன்றாக இருந்த கன்னை நானே கெடுத்தேன். சொல்லித்தர அன்றைக்கு ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இயந்திரத்தில் கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளைத் துடைத்துவிட்டு அடிக்க வேண்டும், கிரீஸ் அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ் காலியானால் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்புகளாக இருப்பதெல்லாம் நாம் செய்கிற தவறுகள்.

கிரீஸ் வராவிட்டால் கன் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது

முதலில் கப்ளரை, அதாவது நிப்பிளைக் கவ்வும் முனையை, நிப்பிளிலிருந்து எடுத்துவிட்டு ஒரு அட்டைத் துண்டின் மேல் நாலைந்து தடவை அடித்துப் பாருங்கள். கிரீஸ் ஒழுங்காக வந்தால் கன் நல்ல கன், குற்றம் நிப்பிளில். உள்ளே பழைய கிரீஸ் இறுகிப்போய், நிப்பிள் வாயை மூடித் திறக்கும் குட்டிக் குண்டு அசையாமல் இருக்கும். நிப்பிள் ஒன்றும் பெரிய விலை இல்லை, கழற்றிவிட்டுப் புதிது போட்டால் வேலை முடிந்தது. அட்டையிலும் வரவில்லை என்றால் லீவர் கையில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கல் மாதிரி இறுகி நின்றால் ஹோஸிலோ கப்ளரிலோ அடைப்பு. எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று போய் வந்தால் பெரும்பாலும் காற்று.

காற்றை எடுக்கத் தட்ட வேண்டியதில்லை. தலைப்பகுதியை ஒன்று, ஒன்றரைச் சுற்று தளர்த்துங்கள். குழலின் பின்னால் நீட்டியிருக்கும் பின்தண்டை, கிரீஸைத் தள்ளும் கோப்பை ரப்பரோடு மாட்டி, உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்துங்கள். மரையோரமாக 'புஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், பின்னாலேயே கிரீஸ் எட்டிப் பார்க்கும். அப்போது இறுக்கிவிட்டு, லீவரை மெதுவாக, முழு நீளத்துக்கு அடியுங்கள். காற்றை வெளியேற்றத் தனித் திருகோ பொத்தானோ உள்ள கன்னாக இருந்தால் இன்னும் சுலபம், அதைத் திறந்தாலே போதும். டின்னிலிருந்து கரண்டியால் அள்ளி அடைக்கிற ஆட்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும், ஏனென்றால் ஒவ்வொரு அள்ளலுக்கு நடுவிலும் ஒரு காற்றுப் பை உட்கார்ந்துகொள்கிறது.

காற்றும் இல்லை, ஆனாலும் அழுத்தம் நிற்கவில்லை என்றால் தலைக்குள் இருக்கும் தடுப்புக் குண்டையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். கந்தல் துணியின் ஒரே ஒரு நூல் அதில் மாட்டினால் போதும், அடிக்கிற கிரீஸ் எல்லாம் குழலுக்கே திரும்பிவிடும்.

கார்ட்ரிட்ஜுக்கும் அள்ளிப் போடுவதற்கும் ரப்பரைத் திருப்பாமல் விடுவது

பல கன்களில் கோப்பை ரப்பரின் விளிம்பு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு பக்கமும், அள்ளி அடைக்கும் கிரீஸுக்கு எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். கன்னோடு வந்த தாளில் படம் இருக்கும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

புது கன்னுக்குப் பழைய கணக்கைப் போடுவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

அப்போது நான் வேலை செய்த இடத்தில் ஒரு பெரிய ஊதுவிசிறி இருந்தது, 40 குதிரைத்திறன் மோட்டார். அதில் சுமை தாங்குகிற பக்கத்தில் 6312 என்ற எண் கொண்ட பேரிங். மூத்த போர்மேன் ஒருவர் கணக்குப் போட்டுச் சுவரில் அட்டவணை ஒட்டி வைத்திருந்தார்: இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, 15 பம்ப். அந்த 15 எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதே இல்லை. பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005ஆல் பெருக்கினால் ஒரு தடவைக்கு எத்தனை கிராம் கிரீஸ் என்று வரும். எஸ்.கே.எஃப். போன்ற பேரிங் நிறுவனங்கள் சொல்லித்தரும் பழைய சூத்திரம்தான். 6312க்கு விட்டம் 130, அகலம் 31. கிட்டத்தட்ட 20 கிராம். அவர் கையிலிருந்த கன் ஒரு பம்புக்கு 1.3 கிராம் தள்ளியது. 15 பம்ப் அடித்தால் 19.5 கிராம். மனிதர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

அந்தக் கன்னின் லீவர் தேய்ந்துபோனதும் கடையில் புதிது வாங்கினோம். கைக்கு லேசாக இருந்தது, அடிக்கவும் சுகமாக இருந்தது. அட்டவணையை யாரும் தொடவில்லை. நான் நல்ல பிள்ளையாக இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 15 பம்ப் அடித்து, கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்தும் வைத்தேன். ஒன்றரை வருடம் இப்படியே போனது. இடையில் கார்ட்ரிட்ஜ் செலவு குறைந்திருப்பதாக ஸ்டோரில் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையே எச்சரிக்கை, அது எங்களில் ஒருவர் காதிலும் விழவில்லை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு. வீட்டில் எல்லாரும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அழைப்பு வந்தது, மோட்டார் கத்துகிறது என்று. போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. பேரிங் மூடியைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் என்று சொல்ல ஒன்றும் இல்லை, காய்ந்த புளி மாதிரி கறுப்பாக, விரலால் தேய்த்தால் உதிர்கிற பொருக்கு. குண்டுகளைப் பிடித்து வைக்கும் கூடு இரண்டாக முறிந்திருந்தது. உள்வளையம் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. பேரிங் உடைந்ததும் சுழலும் பாகம் தாழ்ந்து, சுற்றியிருந்த கம்பிச் சுருளை உரசிவிட்டது. பேரிங்கோடு போயிருக்க வேண்டிய செலவு, தண்டைச் சரி செய்வது, மோட்டாரை மறுபடி சுற்றுவது என்று ஆயிரக்கணக்கான வெள்ளியில் போய் நின்றது. உற்பத்தி நின்ற கணக்கு தனி.

மறுநாள் பழைய கன்னைக் குப்பையிலிருந்து தேடி எடுத்தேன். இரண்டிலும் பத்துப் பத்துப் பம்ப் அடித்து எடை போட்டேன். பழையது 13 கிராம். புதியது 8 கிராம். ஆக, நான் 15 பம்ப் என்று டிக் போட்ட ஒவ்வொரு முறையும் 20 கிராம் கேட்கிற பேரிங்குக்கு 12 கிராம்தான் போயிருக்கிறது. அதிலும் கார்ட்ரிட்ஜ் மாற்றிய கையோடு காற்றெடுக்காமல் அடித்த நாட்களில் எவ்வளவு போயிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. லீவர் அசைந்ததை எண்ணினேனே தவிர, கிரீஸ் போனதை ஒரு நாளும் பார்க்கவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், தடுப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டுச் சமையலறையில் மாவு நிறுக்கிற தராசு இருந்தாலே போதும். அட்டைத் துண்டை வைத்துத் தராசைச் சுழியாக்கி, காற்றெடுத்த கன்னால் பத்து முழு பம்ப் அடியுங்கள். வந்த எடையைப் பத்தால் வகுத்து, அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதிக் கன்னின் குழலிலேயே ஒட்டுங்கள். அட்டவணையில் பம்ப் கணக்கை எழுதாதீர்கள், கிராமை எழுதுங்கள். கன் மாறினாலும் கிராம் மாறாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. சின்ன கன்னிலிருந்து பெரிய கன்னுக்கு மாறுகிறவர்கள் பழைய எண்ணிக்கையையே அடித்தால் கிரீஸ் அளவுக்கு மீறிப் போய், பேரிங்கை மூடும் 'சீல்' வளையத்தைத் தள்ளிக்கொண்டு மோட்டார் சுருளுக்குள் இறங்கும், பேரிங்கும் சூடேறும். மோட்டாருக்கு அடிக்கும்போது கீழே வடிகால் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து அடியுங்கள், அப்புறம் கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்டு, மிச்சம் வெளியே வந்த பிறகு மூடுங்கள்.

மாட்டிக்கொண்ட கப்ளரை இழுப்பது

உள்ளே அழுத்தம் நிற்பதால்தான் விடமாட்டேன் என்கிறது. நேராக இழுத்தால் நிப்பிள் முறியும். பக்கவாட்டில் சாய்த்துத் திருகினால் அழுத்தம் கசிந்து கப்ளர் விட்டுவிடும். அதற்கும் வராவிட்டால் ஹோஸ் இணைப்பை ஸ்பானரால் மெல்லத் தளர்த்துங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு.

ஹோஸில் டேப் சுற்றுவது

சுற்றாதீர்கள். ஹோஸை மாற்றுங்கள்.

கசிகிற இடத்தைக் கையால் பொத்துவது

கார் டயரில் 30, 35 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும். கையால் அடிக்கிற சாதாரண லீவர் கன்னிலேயே அழுத்தம் ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ.க்குப் போகும். ஹோஸில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் அதிலிருந்து பாய்கிற கிரீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி, முதலில் வலியும் பெரிதாக இருக்காது. அதுதான் ஆபத்து. சும்மாதானே என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தால் சில மணி நேரத்தில் விரல் வீங்கும், உள்ளே சதை சாக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். இப்படி நடந்தால் வலிக்கிறதோ இல்லையோ, அந்த நிமிடமே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். "அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே போயிருக்கிறது" என்று அங்கே தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரணக் காயம் என்று நினைத்து அனுப்பிவிடக் கூடாது. மேற்பார்வையாளர்கள் கவனிக்க வேண்டும், தம்பிகள் பயந்துகொண்டு இதை மறைப்பார்கள்.

எல்லா கிரீஸுக்கும் ஒரே கன்

லித்தியம் கிரீஸ் வேறு, மோட்டார்களில் பல நிறுவனங்கள் போடுகிற பாலியூரியா வேறு. எல்லாம் ஒன்றோடொன்று சேராது. சேராதவை கலந்தால் இளகி ஓடலாம், இல்லை இறுகிப்போகலாம், எப்படியானாலும் பேரிங்குக்கு நல்லதில்லை. நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, நிறம் வெறும் சாயம். கிரீஸ் வகைக்கு ஒரு கன் வையுங்கள், குழலில் நிறம் மாற்றி டேப் ஒட்டுங்கள்.

கப்ளருக்காகக் கன்னையே மாற்றுவது

கப்ளரின் பற்கள் தளர்ந்து நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் வழிந்தால் கப்ளரை மட்டும் மாற்றுங்கள். வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள், மரை ஒரே மாதிரி தெரிந்தாலும் அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் ஒன்றுக்கொன்று ஏறாது, பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் போகும். ரப்பர் ஊறி உப்பியிருந்தால் ரப்பரை மாற்றலாம். ஆனால் குழல் நசுங்கிவிட்டால் கோப்பை ரப்பர் அந்த இடத்தைத் தாண்டாது, அதைத் தட்டி நிமிர்த்த நேரத்தை வீணாக்க வேண்டாம். தலைப்பகுதியில் லீவர் பக்கமாகக் கிரீஸ் வழிகிறதென்றால் உள்ளே அழுத்தும் தண்டும் அது ஓடும் துளையும் தேய்ந்துவிட்டன, அந்தக் கன் முடிந்தது. சந்தேகமாக இருந்தால் கப்ளரில் ஒரு அடைத்த நிப்பிளை மாட்டி மெதுவாக அடித்துப் பாருங்கள். லீவர் இறுகி நின்றால் நல்ல கன். ஹோஸும் கப்ளரும் கசியாமலேயே லீவர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே போனால் தடுப்புக் குண்டைச் சுத்தம் செய்யுங்கள், அதற்கும் நிற்காவிட்டால் புதிது வாங்குங்கள்.

பிக்கப் வண்டியில், வெயிலில், ஸ்பிரிங் அழுத்தத்தோடு விடுவது

எண்ணெய் தனியாகப் பிரிந்து வழியும், கிரீஸைக் கெட்டியாக்கும் சோப்பு மட்டும் குழலில் மிஞ்சும். வேலை முடிந்ததும் பின்தண்டை இழுத்துப் பூட்டி, படுக்க வைத்து, நிழலில் வையுங்கள்.

அந்தத் தம்பிகளின் கன்னில் அன்றைக்கே காற்றெடுத்தோம். ஆனால் தட்டின தட்டில் குழல் ஓரம் ஏற்கெனவே நசுங்கியிருந்ததால் இந்த வாரம் புதிது வந்துவிட்டது. கேன்டீன் அக்காவிடம் தராசை இரவல் வாங்கி மூவரும் நிறுத்துப் பார்த்தோம். பத்து பம்புக்கு 9 கிராம். சின்னவர் 0.9 என்று மார்க்கரால் எழுதிக் குழலில் ஒட்டினார். அங்கேயும் ஒரு மோட்டாரில் 6312 இருந்தது, அட்டவணையில் அதற்கு நேராக 15 பம்ப் என்று இருந்தது. அந்த எண்ணைக் கோடு போட்டு அழித்துவிட்டு 20 கிராம் என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 22 பம்ப் என்று போட்டோம்.